மாதம்மாள் குரலில் ஒரு பஸ்

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இருபத்திரண்டு வருஷமாக ஒரு குரல் இருந்தது. "இண்டூர் பென்னாகரம், பென்னாகரம், பென்னாகரேம்ம்ம்" என்று அது கடைசி எழுத்தை இழுத்து முடிப்பதற்குள், ஓசூர் வண்டிக்காக நிற்கிறவர்கள்கூட, ஒரு எட்டு பென்னாகரம் போய் வந்தால்தான் என்ன என்று யோசிப்பார்கள். அது ஆஷிகா பஸ் கண்டக்டர் தீர்த்தகிரியின் குரல். முதலாளி சர்தார் பாய் வண்டிக்குத் தன் மகள் பெயரை வைத்திருந்தாலும், இண்டூர் பக்கத்து ஜனங்களுக்கு அது "தீர்த்தகிரி வண்டி"தான்.

போன வருஷம் அந்தத் தொண்டையில் கேன்சர் என்று சொன்னார்கள். சேலத்தில் ஆபரேஷன் நடந்தது. டாக்டர்கள் கெட்டிக்காரர்கள், நோயை முழுசாக எடுத்துவிட்டார்கள். கூடவே குரல்வளையையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. இனி மூச்சு விடுவது கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான். அதை மறைக்க ஒரு மெல்லிய பருத்தித் துணி. சாப்பிடலாம், நடக்கலாம், ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கலாம். பேச மட்டும் முடியாது.

வீட்டுக்கு வந்த மறுநாள், ஆணியில் மாட்டியிருந்த விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். கன்னம் உப்பியது. சத்தம் வரவில்லை. கழுத்துத் துணி மட்டும் லேசாக ஆடியது. மூச்சு வாய்க்கு ஏறாமல் கழுத்தோடு வெளியே போய்விடுகிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பேச்சு போனதற்கு அழாத மனுஷன் அன்றைக்கு அழுதார். பேச்சில்லாமல் செய்ய உலகத்தில் ஆயிரம் வேலை இருக்கிறது. விசில் ஊத முடியாத கண்டக்டர் எந்த ஊரில் இருக்கிறான்?

சேலத்தில் கழுத்தில் வைத்துப் பேசுகிற மெஷின் ஒன்றைக் காட்டினார்கள். டிக்கெட் கொடுக்க ஒரு கை, கம்பி பிடிக்க ஒரு கை. மெஷின் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். அப்புறம்தான் அங்கிருந்த பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா போனில் ஒரு ஆப் இருப்பதைச் சொன்னார். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகள் தேவிப்பிரியா, லீவுக்கு வந்தபோது அதை அப்பா போனில் ஏற்றிக் கொடுத்தாள்.

திரை முழுக்கச் சதுரம் சதுரமாகப் பட்டன்கள். தொட்டால் ஒரு பெண் குரல் பேசும். 'தண்ணீர் வேண்டும்.' 'எனக்குக் குளிர்கிறது.' 'மின்விசிறியைப் போடவும்.' வேண்டுமானதை நாமே எழுத்தாக அடித்தாலும் படித்துக் காட்டும். நல்ல குரல்தான், குறை சொல்ல முடியாது. டி.வி.யில் செய்தி வாசிக்கிற பெண் நம் வீட்டுக்குள் வந்து பாயில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் கேட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

தீர்த்தகிரி ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி, பத்து நிமிஷம் பாடுபட்டு முதல் வாக்கியத்தை அடித்தார். போன் பேசியது: "ரசத்தில் உப்பு குறைவாக உள்ளது."

அடுப்படியில் இருந்த மாதம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள். "எட்டு மாசங்கழிச்சு வாய் வந்துச்சு, மொதல் பேச்சே என் ரசத்துல வந்து நிக்குதா? பாருடி தேவி, உங்கப்பனைப் பாரு!" என்று சத்தம் போட்டாள். சத்தம் போட்டபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். உப்பை அள்ளிப் போட்டதில் ரசம் கரித்துப் போனது. அன்றைக்கு மூன்று பேரும் அதைத்தான் குடித்தார்கள்.

மாதம்மாளின் குரலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கணவன் குரல் பஸ் ஸ்டாண்டை ஆண்டது என்றால், அவள் குரல் மூன்று காட்டுக்கு அந்தப் பக்கம் மேய்கிற எருமையைத் திருப்பிக் கொண்டுவரும். அவர்கள் சண்டை போட்டால் தெருவில் யாரும் டி.வி. போட மாட்டார்கள். "கொஞ்ச நேரம் வாயை மூடுங்களேன்" என்று அவள் தினமும் அவரிடம் சொல்வதும், அவர் மூடாமல் பேசுவதும் அந்த வீட்டின் வழக்கம். எட்டு மாதமாக அந்த வழக்கம் நின்றுபோயிருந்தது.

போனில் வாய் கிடைத்ததும் தீர்த்தகிரி நேராகச் சர்தார் பாய் முன்னால் போய் நின்றார். ஏற்கெனவே அடித்து வைத்திருந்ததைத் தொட்டார். "ஐயா, நான் மீண்டும் பணிக்கு வர விரும்புகிறேன்" என்றது போன்.

சர்தார் பாய் நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களுக்கே உரிய தர்மசங்கடம் அவர் முகத்தில் ஓடியது. "உக்காருப்பா தீர்த்தகிரி. நானே கூப்பிட்டு விடணும்னு இருந்தேன். ஷெட்டுல இருந்துக்க. வண்டி வர்றது போறது பாத்துக்க. நெழல்ல ஒக்காந்த வேலை."

தீர்த்தகிரி தலையை இடமும் வலமும் ஆட்டினார். போனை எடுத்து அடித்தார். பாய் பொறுமையாகக் காத்திருந்தார். "நிழல் வேண்டாம். படிக்கட்டு வேண்டும்."

பாய் சிரித்துவிட்டார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். இப்போது அந்த வண்டியில் மாதவராஜ் என்று ஒருவர் தற்காலிகக் கண்டக்டராக ஓடிக்கொண்டிருந்தார். வருகிற மாதம் அவரையே நிரந்தரமாக்குவதாக ஏற்பாடு. "சரி, செவ்வாக்கெழமை கூட்டம் நெரியும். அன்னைக்கு நீ ஏறு. நாலு நடை. நாலு நடையும் ஜனங்க கிட்டருந்து ஒரு புகார் வரக் கூடாது. வந்துச்சுன்னா ஷெட்டு வேலைதான், அப்புறம் என்கிட்ட மல்லுக்கு நிக்கக் கூடாது. என்னப்பா?" என்றார். போய்த் திரும்புவது ஒரு நடை. தீர்த்தகிரி நான்கு விரலைக் காட்டிக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை டிரைவர் அர்ச்சுனன் வண்டியை ஷெட்டில் நிறுத்தியிருந்தபோது ஒத்திகை பார்த்தார்கள். அர்ச்சுனன் அவரை விடப் பத்து வயசு சின்னவர், 'மாமா' என்றுதான் கூப்பிடுவார். தேவிப்பிரியா எல்லா ஸ்டாப்பையும் அடித்து, பேருந்துக்கு வேண்டிய வாக்கியங்களையும் அடித்துக் கொடுத்திருந்தாள். தீர்த்தகிரி பின்படியில் நின்றுகொண்டு ஒன்றைத் தொட்டார்.

"அன்பான பயணிகளே, தயவுசெய்து படிக்கட்டில் நிற்க வேண்டாம்."

அர்ச்சுனன் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கிற்று. "மாமா, காலேஜ் பசங்க இந்தப் பொண்ணு கொரலைக் கேக்கறதுக்குன்னே படியில தொங்குவானுங்க. எஞ்சினைப் போட்டேன்னு வையி, எனக்கே கேக்காது. நம்ம வண்டிக்கு இது ஆவாது. நம்ம வண்டிக்குத் திட்டற கொரலு வேணும்."

தீர்த்தகிரி வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் யோசித்தார். திட்டுகிற குரல். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அது உள்ளிருந்து கேட்டது. "ஏங்க, வெயில்ல எங்க போயி சுத்திட்டு வர்றீங்க? கழுத்துத் துணியை நனைச்சுப் போட்டீங்களா இல்லையா?"

அவர் நின்ற இடத்திலேயே நின்று சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, ஆனால் பல் எல்லாம் தெரிந்தது.

பட்டனில் நம் குரலையே பதிவு செய்துகொள்ளலாம் என்று தேவிப்பிரியா சொல்லிக்கொடுத்தாள். சிவப்பு வட்டத்தைத் தொட்டுப் பேச வேண்டும், பேசி முடித்ததும் திரும்ப அதையே தொட வேண்டும். அம்மாவுக்கு இரண்டு தடவை செய்து காட்டிவிட்டு, இருபத்தைந்து பட்டன்களுக்கும் பெயர் போட்டு வைத்துவிட்டு, அவள் சாயங்காலம் ஓசூர் பஸ் ஏறினாள். காய்கறி வண்டிக்காரர்கள் இடுப்பில் மாட்டிக்கொள்கிற சின்ன ஸ்பீக்கர் ஒன்றையும் வாங்கி வைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை தீர்த்தகிரி காக்கிச் சட்டையைத் தேய்க்கக் கொடுக்கவும் முகம் மழிக்கவும் இண்டூருக்குப் போனார். மாதம்மாள் போனை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். வீட்டில் ஃபேன் சத்தம், பக்கத்து வீட்டில் மிக்ஸி சத்தம். கொட்டகையில் கருப்பி என்கிற எருமை மட்டும்தான். அது அசை போடுகிற சத்தம் போனில் ஏறாது.

மகள் சொன்னதில் முதல் பாதி அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சிவப்பு வட்டத்தைத் தொட வேண்டும், பேச வேண்டும். இரண்டாவது பாதி மறந்துபோனது. பேச்சு நின்றால் போனும் தானாக நின்றுகொள்ளும் என்று நினைத்துக்கொண்டாள். நின்ற பிறகு அது எதற்குக் கேட்டுக்கொண்டிருக்கப் போகிறது? அதற்கு வேறு வேலை இல்லையா? அது தன் கணக்குக்கு ஒவ்வொரு பட்டனிலும் ஒரு நிமிஷம் வரைக்கும் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. கடைசியில் விசிலையும் அவளே ஊதினாள். வண்டி நிற்க ஒரு விசில், கிளம்ப இரண்டு விசில். தெருநாய் ஒன்று எழுந்து ஓடியது.

தீர்த்தகிரி வந்ததும் ஒன்றிரண்டைத் தொட்டுப் பார்த்தார். "உள்ள போங்க! உள்ள போங்க! படியில நின்னா காலை ஒடிச்சுருவேன்!" வீடு அதிர்ந்தது. இது போதும் என்று உடனே நிறுத்திவிட்டு, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். மாதம்மாளுக்கு அவ்வளவு பெருமை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஆஷிகா பஸ் தருமபுரியில் நிறைந்து வழிந்தது. தீர்த்தகிரி மடிப்புக் கலையாத காக்கியில், கழுத்தில் வெள்ளைத் துணியும் போனும் தொங்க, இடுப்பில் ஸ்பீக்கரோடு பின்படியில் ஏறினார். பழைய ஆட்கள் கை கொடுத்தார்கள். சிலர் என்ன கேட்பது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். அவர் பட்டனைத் தொட்டார்.

"இண்டூர் பென்னாகரம்! ஏறுறவங்க ஏறுங்க, எறங்குறவங்களுக்கு வழி வுடுங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பொம்பளைக் குரல் வருகிறது, பொம்பளையைக் காணோம். "யாருப்பா அது?" என்று ஒருவர் கேட்க, "கண்டக்டர் சம்சாரம். எங்க ஊருதான். இந்தக் கொரலு எனக்குத் தெரியும், எங்க காட்டுல எருமை மேஞ்சப்ப கேட்டிருக்கேன்" என்றார் இன்னொருவர். காலேஜ் பையன்கள் நான்கு பேர் படியிலிருந்து தாமாகவே உள்ளே போனார்கள். தீர்த்தகிரிக்கு மார்பு விரிந்தது.

அதகப்பாடி வந்தது. பட்டனைத் தொட்டுவிட்டு, ஏறியவர்களுக்கு டிக்கெட் கொடுக்கத் திரும்பினார்.

"அதகப்பாடி எறங்கு, அதகப்பாடி!" என்றது ஸ்பீக்கர். ஒரு கணம் அமைதி. பிறகு அதே குரல், அதே வேகத்தில்: "ஏ கருப்பி! தவிட்டுல வாயை வெக்கிறியா? வந்தேன்னா மூஞ்சியைப் பேத்துருவேன்!"

சீட்டில் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்த ஒரு அம்மாள் சட்டென்று பழத்தைக் கீழே இறக்கினாள். அதைப் பார்த்துப் பக்கத்து சீட் சிரித்தது. அப்புறம் பஸ் முழுக்கச் சிரித்தது. தீர்த்தகிரி போனைத் தடவி நிறுத்துவதற்குள் ஈ ஒன்றுக்கும் இரண்டு வசவு விழுந்துவிட்டது. இண்டூரில், "சீக்கிரம் ஏறுங்க" என்பதற்குப் பின்னால், "அந்தாளு தேச்ச சட்டையைப் போட்டா மாப்ள மாதிரி இருப்பாரு, அதைச் சொன்னா தலைக்கு ஏறிக்கும்" என்று ஒரு தகவல் வந்தது. அவருக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. அர்ச்சுனன் கண்ணாடியில் அவரைப் பார்த்து, "மாப்ளே!" என்று கூவினார்.

மாதம்மாள் என்ன செய்துவைத்திருக்கிறாள் என்பது இப்போது அவருக்குப் புரிந்துபோனது. வெட்டிச் சரி செய்ய அவருக்குத் தெரியாது, தெரிந்தவள் ஓசூரில் இருக்கிறாள். வழி ஒன்றுதான். ஒரு பட்டன் சொல்ல வேண்டியதைச் சொன்னதும் அடுத்த பட்டனைத் தொட்டுவிட வேண்டும், மிச்சப் பேச்சின் வால் அறுந்துபோகும். அப்படியே செய்துகொண்டு பென்னாகரம் போய்ச் சேர்ந்தார். அங்கே, "பென்னாகரம்!" என்ற சத்தத்துக்குப் பின்னால் "கருப்பி, உங்கிட்டதான்டி..." என்று அது ஆரம்பித்ததும் மின்னலாக அறுத்தார். முதல் நடையில் புகார் எதுவும் இல்லை. சிரித்ததைப் புகாரில் சேர்க்க முடியாது.

இரண்டாவது நடை கிளம்பி இண்டூர் வந்தபோது சர்தார் பாய் ஸ்டாப்பில் நின்றிருந்தார். பின்படியில் ஏறி, கடைசி நீள சீட்டில் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். "நான் இருக்கேன்னு பாக்காத, உன் வேலையைப் பாரு" என்றார். அப்படிச் சொன்னால் எந்த மனுஷன்தான் பார்க்காமல் இருப்பான்?

இண்டூர் தாண்டி மூன்று புளியமரம் நிற்கிற இடத்தில் பூக்காரி குள்ளம்மாள் இறங்குவாள். வாரம் மூன்று நாள் தருமபுரி பூ மார்க்கெட்டில் சாமந்தி எடுத்துக்கொண்டு வருகிறவள். அது கவர்ன்மென்ட் ஸ்டாப் இல்லை, போர்டு இல்லை, தேவிப்பிரியாவின் பட்டியலிலும் இல்லை. தீர்த்தகிரி ஒருவருக்குத்தான் தெரியும். முன்பெல்லாம், தூங்கி வழிகிற குள்ளம்மாளை "பூவு! மரம் வந்துருச்சு!" என்று எழுப்புவார். இன்றைக்குத் தோளைத் தொட்டு எழுப்பினார். ஒற்றை விசில் பட்டனைத் தொட்டார். 'பீப்' என்றது. அர்ச்சுனன் வண்டியை நிறுத்தினார்.

மற்ற ஸ்டாப்புகளில் நிற்கிற விசிலைத் தொட்டதும் ஊர்ப் பெயர்ப் பட்டனையும், கிளம்புகிற விசிலைத் தொட்டதும் 'உள்ள போங்க' பட்டனையும் தொடுவார். விசிலின் வால் அங்கேயே அறுந்துபோகும். விசிலுக்கு வால் இருக்கிறதென்றே அவருக்குத் தெரியாது. பேச்சுக்குத்தானே வால்? மூன்று புளியமரத்துக்குப் பட்டன் இல்லாததால் அவர் எதையும் தொடவில்லை. கூடையை இறக்கிக் கொடுப்பதில் கை இருந்தது. விசில் பட்டன் மாதம்மாளின் கொட்டகையை மறுபடி திறந்தது. "சரியா வந்துச்சா? தெரியலியே..." என்று முணுமுணுத்தது. பிறகு சரிபார்க்க அவள் ஊதின இரண்டு விசில், கணீரென்று, பஸ் முழுக்க.

இரண்டு விசில் என்றால் கிளம்பு. அர்ச்சுனன் கியரைப் போட்டார்.

குள்ளம்மாளின் ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். வண்டி அசைந்தது. தீர்த்தகிரிக்கு வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. வராது என்று உடம்புக்குத் தெரிவதற்கு முன்னாலேயே, அவருடைய வலது உள்ளங்கை பஸ்ஸின் தகரத்தில் படபடவென்று விழுந்தது. இடது கை குள்ளம்மாளின் தோளைப் பிடித்து மேலே இழுத்தது. தகரத்தில் அப்படிப் படபடவென்று கை விழுந்தால், என்ன நடந்தாலும் நிறுத்து என்று அர்த்தம். வண்டி இரண்டு அடிகூடப் போகாமல் குலுங்கி நின்றது. கூடை மட்டும் கவிழ்ந்து, ரோட்டோரம் முழுக்க மஞ்சள் சாமந்தி.

தீர்த்தகிரி குள்ளம்மாளை மெதுவாக இறக்கிவிட்டு, குனிந்து பூவைப் பொறுக்க ஆரம்பித்தார். அர்ச்சுனன் இறங்கி ஓடி வந்தார். "ரெண்டு விசிலு கேட்டுச்சு மாமா, சத்தியமா ரெண்டு கேட்டுச்சு" என்றார். தீர்த்தகிரி தலையாட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். தப்பு என்னுடையது.

சர்தார் பாய் இறங்கி வந்தார். "ஆத்தா, அடி பட்டுச்சா?"

"ஒண்ணும் படல. கெட்டியாப் புடிச்சுக்கிட்டான்."

"பயந்து போயிருப்பீங்க. என்கிட்ட நீங்க தாராளமா சொல்லலாம். கண்டக்டர் மேல புகார் இருக்குதா?"

குள்ளம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "இருக்குது பாய். இல்லாம என்ன?"

தீர்த்தகிரி ஒரு பிடி சாமந்தியோடு அப்படியே குந்தியிருந்தார். போச்சு. இரண்டாவது நடையிலேயே போச்சு. ஷெட்டின் நிழல் அவர் மேல் விழுந்துவிட்ட மாதிரி இருந்தது.

"அதகப்பாடிக்குக் கூப்புடுறான், நாகதாசம்பட்டிக்குக் கூப்புடுறான். அவன் பொண்டாட்டி எருமையைக்கூடப் பேரு சொல்லிக் கூப்புடுறா. இருபது வருசமா இந்த வண்டியில வர்றேனே, என் மூணு புளியமரத்துக்கு ஏன் பட்டன் வெக்கலை? என்னைய மட்டும் தோளைத் தட்டி எழுப்பறான், செவிடிக்கிட்ட சொல்ற மாதிரி. எனக்குக் காது நல்லாத்தான இருக்குது? கேளுங்க பாய், இதை நீங்கதான் கேக்கணும்."

பாய் தாடியைத் தடவ ஆரம்பித்தார். அதற்குள் ஜன்னலில் ஒரு தலை நீண்டது. "எங்க பால் சொசைட்டி ஸ்டாப்புக்கும் இல்லீங்க." அடுத்த ஜன்னல்: "மாது கடைக்கும் இல்ல. முன்னாடியெல்லாம் மாது கடை, மாது கடைன்னு கத்துவாரு, மாதுவே எட்டிப் பாப்பான்." மேலும் மேலும் தலைகள் நீண்டன. ஒருத்தர் தன் வீட்டு வாசலுக்கே பட்டன் கேட்டார். அவரை மற்றவர்கள் அடக்கினார்கள். சர்தார் பாய் எல்லாவற்றையும் விரல் விட்டுக்கொண்டே கேட்டார். "பென்னாகரம் போயிப் பேசிக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

மிச்ச தூரம் தீர்த்தகிரி விசில் பட்டனைத் தொடவில்லை. தகரத்தை ஒரு தட்டு தட்டி நிறுத்தினார், இரண்டு தட்டு தட்டிக் கிளப்பினார். பாயின் முகத்தைப் பார்க்கவில்லை. பென்னாகரம் வந்தது. கடைசியாக ஒரு தடவை என்று நினைத்துக்கொண்டு பட்டனைத் தொட்டார்.

"பென்னாகரம்! பென்னாகரம்! வண்டி இத்தோட சரி. பொருளைப் பாத்து எடுத்துக்கிட்டு எறங்குங்க!"

அறுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. கை ஓய்ந்துபோயிருந்தது. ஸ்பீக்கர் தொடர்ந்து பேசியது. இந்தத் தடவை சத்தம் இல்லாத குரல். மாதம்மாளிடம் அப்படி ஒரு குரல் இருப்பது அவருக்கே தெரியாது.

"கருப்பி, உங்கிட்டதான்டி சொல்றேன். எட்டு மாசமா நான் பேசறது உங்கிட்டதான். தெனமும் அந்த மனுசனை வாயை மூடு, வாயை மூடுன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன். சாமி அதைக் கேட்டுக்கிச்சாட்டம் இருக்குது. நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்னு அதுக்குத் தெரியலியே. என் கொரலை எடுத்துக்கட்டும்டி, மொத்தமா எடுத்துக்கட்டும். அவரு அந்தப் படியில நின்னாப் போதும். நின்னு, சாயங்காலம் வந்து, என் ரசத்தைக் கொறை சொன்னாப் போதும்."

பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்ற ஜனங்கள் அப்படியே நின்றார்கள். ஒருவரும் படிக்கு நகரவில்லை. பதிவு தீர்ந்து 'டிக்' என்று நின்ற பிறகுதான் இறங்கினார்கள். இறங்குகிற ஒவ்வொருவரும் தீர்த்தகிரியின் கையை ஒரு தொடு தொட்டுவிட்டு இறங்கினார்கள். அவர் கழுத்துத் துணியை ஒரு தரம், கண்ணை ஒரு தரம் என்று துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியாகச் சர்தார் பாய் வந்தார். தொண்டையைச் செருமினார், இரண்டு தடவை. "ஒரு புகாரு வந்தாலும் ஷெட்டுக்குன்னு சொன்னேன். ஒன்பது புகாரு வந்திருக்குது. ஒன்பது பட்டன் போடு. விசிலு மட்டும் போன்ல ஆவாது. பின்படியிலருந்து டிரைவர் தலைமாட்டுக்கு மணி ஒண்ணு கட்டித் தர்றேன், கயித்தை இழுத்துக்க. அதுவரைக்கும் தகரத்தைத் தட்டு. தப்பு பண்ணது போனு. உன் கை தப்பு பண்ணல, நான் பாத்துட்டுத்தான இருந்தேன்." போக எடுத்த காலை நிறுத்தி, "அந்தக் கடைசிப் பட்டனை மட்டும் மாத்திப்புடாத" என்றார்.

சாயங்காலம் தீர்த்தகிரி வீட்டுக்கு வந்தபோது மாதம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாதபடி அவர் முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்.

"என்னங்க சொன்னாரு பாய்? வேலை குடுத்தாரா, இல்லியா? தலையையாவது ஆட்டுங்களேன். அந்தப் போனை அமுக்கி ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?"

அவர் போனை எடுத்தார். பென்னாகரம் பட்டனைத் தொட்டார்.

முதல் வரியில் அவள் சிரித்தாள். கருப்பியின் பெயர் வந்ததும் சிரிப்பு நின்றது. ரசம் வரைக்கும் கேட்டுவிட்டு, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"ஐயையோ! தானா நின்னுக்கும்னு நெனச்சேனே! இதை எத்தனை பேரு கேட்டாங்க?"

தீர்த்தகிரி அடித்தார். "பேருந்து முழுவதும்" என்றது செய்தி வாசிக்கிற பெண். மறுபடி அடித்தார். "மூன்று முறை."

இரண்டாவது நடைக்கு அப்புறமும் அந்தப் பட்டனை அவர் அறுக்கவில்லை. மூன்றாவது நடையில் அதைக் கேட்பதற்காகவே பென்னாகரம் போக வேண்டாதவர்கள்கூடத் தங்கள் ஸ்டாப்பில் இறங்காமல் வந்திருந்தார்கள். ஒன்பது பட்டன் பாக்கி இருக்கிறது, நாளைக்கு விடிகாலையில் கொட்டகைக்குப் போக வேண்டும், இந்தத் தடவை சிவப்பு வட்டத்தைத் தானே பிடித்துக்கொள்வதாக ஒவ்வொன்றாக அடித்துச் சொன்னார். மாதம்மாள் நிமிர்ந்து பார்க்கவேயில்லை. தூணைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

"அதெல்லாம் சரி," என்றாள் கடைசியில், மெல்ல. "ஊரே கேட்டுச்சு, கேட்டுட்டுப் போவட்டும். நீங்க கேட்டீங்களே, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

தீர்த்தகிரி வெகு நேரம் அடித்தார். அடித்தார், அழித்தார், திரும்ப அடித்தார். கடைசியில் சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்துவிட்டுத் தொட்டார்.

"ரசம் மிகவும் நன்றாக இருக்கிறது" என்றது போன், தெருவுக்கே கேட்கும்படி.

மாதம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னிக்கு ரசமே வெக்கலீங்க" என்றாள். "இருங்க, வெக்கிறேன்."